மிச்சம் அறுபத்தெட்டு நாள்

பனிக்குடம் உடைந்தபோது யோகேஸ்வரி அன்னாசிச் சாற்றின் இனிப்பை அளந்துகொண்டிருந்தாள். மார்ச் பதின்மூன்று, காலை பத்தேகால் மணி. மலேசியாவில், சிம்பாங் ரெங்கத்துக்கு வெளியே, அன்னாசித் தோட்டங்களை ஒட்டியிருக்கும் டின் பழத் தொழிற்சாலையில் அவள் தரப் பரிசோதகர். மணிக்கு ஒரு தடவை, ஓடும் வரிசையிலிருந்து நான்கு டின்களை எடுத்து வந்து வெட்டிப் பார்ப்பாள். மூடி சரியாக மடிந்திருக்கிறதா, உள்ளே காற்று தங்கியிருக்கிறதா, சாறு எவ்வளவு இனிப்பு. அந்தத் தொழிற்சாலையில் பதினான்கு வருடம். அந்தப் பரிசோதனை அறை கிடைத்து ஐந்து வருடம்.

கால் நனைந்ததும் சாறுதான் கொட்டிவிட்டது என்று முதலில் நினைத்தாள். அறையில் கூட இருந்த உதவியாளர் மலரிடம், "துணி எடுத்துட்டு வா மலர்" என்றாள். துணியோடு வந்த மலர் அவள் முகத்தைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். துணியை அப்படியே போட்டுவிட்டு ஆள் கூப்பிட ஓடினாள்.

பிரசவத்துக்கு இன்னும் பதின்மூன்று வாரம் இருந்தது.

யோகேஸ்வரிக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். அதற்குள் இரண்டு முறை கரு தங்கி, இரண்டு முறையும் கலைந்துபோனது. இந்த மூன்றாவது இருபது வாரத்தைத் தாண்டிய பிறகுதான் அவளும் கணவன் ரூபேந்திரனும் அதைப் பற்றி வாய்விட்டுப் பேசவே ஆரம்பித்தார்கள். பேசியது பெயரைப் பற்றியோ தொட்டிலைப் பற்றியோ அல்ல. லீவைப் பற்றி. முன்பெல்லாம் அறுபது நாளாக இருந்த பிரசவ விடுமுறை இப்போது தொண்ணூற்றெட்டு நாள். அதை எப்போது தொடங்குவது என்பதில்தான் இருவருக்கும் சண்டை. இரண்டு வாரம் முன்னாலேயே எடுத்து வீட்டில் இரு என்றான் அவன். "வீட்டுல உக்காந்து செவுத்தப் பாக்கவா? எனக்குப் புள்ளயோட இருக்கற நாள்தாங்க வேணும்" என்றாள் அவள். பதினான்கு நாளுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சிரித்துச் சிரித்துச் சண்டை போட்டார்கள். விண்ணப்பத் தாளில் தேதியை மட்டும் எழுதாமல் பாக்கி வைத்திருந்தாள்.

அந்தத் தேதியை எழுத வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. முதலில் குளுவாங், அங்கிருந்து ஆம்புலன்ஸில் ஜொகூர் பாரு. சாயங்காலம் நான்கரை மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தொள்ளாயிரத்து நாற்பது கிராம். அழவில்லை. நான்கைந்து பேர் சுற்றி நின்று எதையோ செய்துகொண்டே குழந்தையைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர்கள் இடுப்புகளுக்கு நடுவே ஒரு பாதம் மட்டும் தெரிந்தது. அது அவள் கட்டைவிரல் அளவு இருந்தது. அன்று முழுக்க அவள் பார்த்தது அவ்வளவுதான்.

ரூபேந்திரன் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை செய்பவன். வார நாட்களில் ஜொகூர் பாருவில் மூன்று ஆண்களோடு ஓர் அறையில் தங்கி, விடியுமுன் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைத் தாண்டிப் போவான். சனி ஞாயிறுதான் வீடு. அன்று அவன் வந்து சேர்ந்தபோது கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் எந்த இன்குபேட்டர் பெட்டியில் இருப்பது தன் மகள் என்று அவனுக்குத் தெரியவில்லை. ஏழு பெட்டிகள் இருந்தன. தாதி காட்டிய பெட்டியில் ஒரு சீட்டு. அதில் குழந்தைக்குப் பெயர் இல்லை. யோகேஸ்வரியின் குழந்தை என்று மட்டும் இருந்தது.

தூரத்திலிருந்து வரும் தாய்மார்கள் தங்க மருத்துவமனையில் ஓர் அறை ஒதுக்கியிருந்தார்கள். ஆறு கட்டில். மூன்று மணிக்கு ஒரு தரம் பால் பிழிந்து, சின்னப் புட்டியில் தேதியும் மணியும் எழுதி, கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். முதல் வாரத்தில் குழந்தைக்கு ஒரு வேளைக்கு ஒரு மில்லி பால். அது மூக்கு வழியாகப் போகும் குழாயில் இறங்குவதை யோகேஸ்வரி மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பாள். தொடலாம், தடவக் கூடாது என்றார்கள். தோல் பிய்ந்துவிடுமாம். விரலை அந்தக் காலின் மேல் அசையாமல் வைத்துக்கொண்டு நிற்பாள்.

ஒன்பதாம் நாள் ஜெயபாலன் வந்தார். தொழிற்சாலை அலுவலகத்தில் ஆள் சேர்ப்பு, லீவு எல்லாம் பார்ப்பவர் அவர்தான். ஒரு மைலோ டின்னும் ஆரஞ்சுப் பழமும் கொண்டுவந்திருந்தார். கொஞ்ச நேரம் பழத்தைப் பற்றியே பேசினார்.

"யோகேஸ், இது இப்ப பேசற விஷயம் இல்லதான்" என்றார் பிறகு. "சொல்லாம விட்டா நாளைக்கு நீயே என்னைத் திட்டுவ. லீவு பொறந்த நாள்லேர்ந்து ஓடுதும்மா. பதின்மூணாம் தேதிலேர்ந்து."

"புள்ள இன்னும் வீட்டுக்கே வரலயே அண்ணே."

"புள்ள எங்க இருக்குன்னு சட்டம் கேக்காது. பொறந்தாச்சு, எண்ண ஆரம்பிச்சாச்சு. ஜூன் பதினெட்டோட முடியுது."

அன்று மாலை டாக்டரிடம் கேட்டாள். எல்லாம் சரியாகப் போனால், சாதாரணமாகப் பிறந்திருக்க வேண்டிய தேதியை ஒட்டி வீட்டுக்கு அனுப்புவோம் என்றார் அந்த மலாய் டாக்டர் அம்மா. 'எல்லாம் சரியாகப் போனால்' என்பதை இரண்டு தடவை சொன்னார். பிறந்திருக்க வேண்டிய தேதி ஜூன் பன்னிரண்டு. யோகேஸ்வரி கட்டிலில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினாள். ஆறு நாள். பிள்ளை வீட்டுக்கு வந்து ஆறே நாளில் அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும்.

மறுநாள் ஜெயபாலனுக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, நான் இப்பவே வேலைக்கு வந்துட்டு, மிச்ச நாள அவ வீட்டுக்கு வந்தப்புறம் எடுத்துக்க முடியுமா?"

"தொடர்ச்சியா எடுக்கணும்மா, அதுதான் சட்டம். டாக்டர் லெட்டர் இருந்து, கம்பெனியும் ஒத்துக்கிட்டா முன்கூட்டியே வேலைக்கு வரலாம். ஆனா வந்துட்டா மிச்சத்த சட்டம் தராது. மேடம் மனசு வச்சுக் குடுத்தாத்தான். நான் கேட்டுப் பாக்கறேன்."

மேடம் லிம் தொழிற்சாலை மேலாளர். நல்லவர் என்றோ கெட்டவர் என்றோ அவரைப் பற்றி யாரும் பேசிக்கொள்வதில்லை. மூன்றாம் நாள் அவருடைய பதில் வந்தது. ஏப்ரலிலிருந்து பழம் குவியும் காலம். மே மாதம் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் சோதனைக்கு வருகிறார்கள். மலரால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை. ஆகவே முப்பது நாள் முடிந்ததும் யோகேஸ்வரி வரட்டும். மிச்சம் அறுபத்தெட்டு நாளைக் குழந்தை வீட்டுக்கு வரும் அன்றிலிருந்து, சம்பளத்தோடு எடுத்துக்கொள்ளலாம். கையெழுத்துப் போட்டே தருகிறேன். ஏப்ரல் ஒன்பதுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

அவள் கேட்டது கிடைத்துவிட்டது. அதற்கப்புறம்தான் வதை தொடங்கியது.

பன்னிரண்டாம் நாள் குழந்தையின் நுரையீரலில் ரத்தம் கசிந்தது. பதினெட்டாம் நாள் மூச்சு விட வைத்திருந்த குழாயை எடுத்தார்கள். எடுத்த ஆறு மணி நேரத்தில் திரும்பவும் போட்டார்கள். இருபதாம் நாள் எடை ஆயிரம் கிராம் ஆயிற்று, இருபத்திரண்டாம் நாள் தொள்ளாயிரத்து எழுபதாக இறங்கியது. காலையில் போய் நின்றால் தாதி முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் அவள் உள்ளே போவாள். அங்கே இருக்கும் ஒவ்வொரு நாளும் லீவில் ஒரு நாள் கழிந்தது. அப்படி நினைப்பதற்காக அவள் தன்னையே வெறுத்தாள். வெறுத்துக்கொண்டே எண்ணினாள்.

ஞாயிற்றுக்கிழமை யோங் பெங்கிலிருந்து அக்கா கஸ்தூரி வந்தாள். பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைப்பவள். பூண்டுக் குழம்பும் சுறாப் புட்டும் தூக்குச்சட்டியில் கொண்டுவந்திருந்தாள். தங்கை சொன்னதைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"புள்ள குழாயில கெடக்குது, நீ டின்னு வெட்டப் போறியா? பச்ச ஒடம்புடி உனக்கு. நாளைக்கு ஒன்னு கெடக்க ஒன்னு ஆச்சுன்னா, பக்கத்துல இல்லியேன்னு சாகற வரைக்கும் அழுவ."

"ஒன்னும் ஆகாம வீட்டுக்கு வந்தா யாருக்கா பாத்துப்பா? நீ வருவியா?"

கஸ்தூரிக்கு மூன்று பிள்ளைகள். வேலையை விட்டு அவளால் வர முடியாது. அது இருவருக்கும் தெரியும். தூக்குச்சட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு, போகும்போது தங்கையின் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

ரூபேந்திரனிடம் கேட்டால், "நீ என்ன சொன்னாலும் சரி" என்றான். ஒருநாள் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் தப்பா சொல்லிட்டா?"

அவன் கையிலிருந்த தலைக்கவசத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்பவும் நானும் சேந்து சொன்னதாத்தான் இருக்கும் யோகேஸ். உன்ன மட்டும் விட்டுட மாட்டேன்."

அது ஆறுதலாக இருந்தது. ஆனால் விடையாக இல்லை. அவளுக்குள் இருந்த கேள்வியை அவனிடம்கூட அவளால் சொல்ல முடியவில்லை. குழந்தை சாகப்போகிறது என்றால், இப்போது பக்கத்தில் இருக்க வேண்டும். பிழைக்கப்போகிறது என்றால், இப்போது வேலைக்குப் போக வேண்டும். எத்தனை நாள் லீவு என்று எழுதுவதும், பிள்ளை பிழைக்குமா பிழைக்காதா என்று எழுதுவதும் ஒன்றுதான். அதை ஏப்ரல் ஒன்பதுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அறையில் அவளுக்கு அடுத்த கட்டில் ஃபரீஹாவுடையது. பொந்தியானில் மாமனாரின் சாப்பாட்டுக் கடையில் கல்லாவில் இருப்பவள், இருபத்தாறு வயது. அவளுடைய மகன் இருபத்து நான்கு வாரத்தில் பிறந்தவன். யோகேஸ்வரியின் மகளுக்கு இரண்டு பெட்டி தள்ளி இருந்தான். பால் பிழியும் நேரத்தில் இருவரும் முதுகோடு முதுகாகத் திரும்பி உட்கார்ந்து பேசிக்கொள்வார்கள். கடைக்கு எத்தனை நாள் போகாவிட்டாலும் அவளை யாரும் கேட்கப்போவதில்லை. "எனக்கு எண்றதுக்கு நாளே இல்லக்கா. எப்ப விடியும் எப்ப அடையும்னு இருக்கேன்" என்பாள்.

ஏப்ரல் ஏழு அன்று மதியம் ஃபரீஹாவைக் கூப்பிட்டார்கள். அவள் கணவன் ஆரிஃபும் வந்தான். அந்தப் பெட்டியைச் சுற்றித் திரை போட்டார்கள். யோகேஸ்வரியை வெளியே போகச் சொன்னார்கள். நடையில் நின்றாள். ஆரிஃப் ஒரு சின்ன வெள்ளைத் துணிப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, அதைப் பார்த்து அவள் வழி விட்டு ஒதுங்கினாள். மற்றபடி என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை, சாமான்களை எடுத்துப்போக ஃபரீஹா அறைக்கு வந்தாள். துணிமணி, செருப்பு, பால் பிழியும் கருவி. கருவியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பின்பு யோகேஸ்வரியின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நாளைக்குத்தானே அக்கா நீங்க பதில் சொல்லணும்?"

இப்போது போய் இவள் இதைக் கேட்கிறாளே என்று யோகேஸ்வரிக்கு இருந்தது.

"போங்கக்கா" என்றாள் ஃபரீஹா. "பக்கத்துல உக்காந்திருந்தா காப்பாத்திடலாம்னா, நான் எம் புள்ளயக் காப்பாத்தியிருப்பேன். இருபத்தொம்பது நாள் நவுராம உக்காந்திருந்தேன்."

அழாமல்தான் சொன்னாள். அழுதது யோகேஸ்வரி. ஏப்ரல் எட்டாம் தேதி, ஒரு நாள் முன்னதாகவே, ஜெயபாலனைக் கூப்பிட்டுச் சரி என்று சொன்னாள்.

பன்னிரண்டாம் தேதி வேலைக்குப் போனாள். பிரசவித்த முப்பத்தோராம் நாள். வாசலில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி, குழந்தை தவறிப்போய்விட்டது என்றே நினைத்துக் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள். "உயிரோட இருக்கா" என்று யோகேஸ்வரி சொல்ல வேண்டியிருந்தது. அப்படியென்றால் நீ ஏன் இங்கே இருக்கிறாய் என்று அந்தப் பெண்ணின் கண் கேட்டது. அன்று முழுக்க அந்தப் பார்வை யார் யார் கண்ணிலோ தெரிந்தது.

முதலுதவி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று மணிக்கு ஒரு தரம் பால் பிழிந்தாள். பனிப்பெட்டியில் வைத்தாள். ஐந்தரைக்கு வேலை முடிந்ததும் பழைய கன்சில் காரில் நெடுஞ்சாலையைப் பிடித்து ஜொகூர் பாரு. ஏழு மணிக்குள் போனால் ஒன்றரை மணி நேரம் மகளோடு. இப்போது குழந்தையை வெளியே எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொள்ள விட்டார்கள். சட்டைக்குள், தோலோடு தோலாக, ஒரு கோழிக்குஞ்சைப் போல் துடிப்பு மட்டும் தெரியும். அவளுக்கு அப்படியே தூக்கம் வந்துவிடும். தாதி தோளைத் தொட்டு எழுப்புவாள். செவ்வாயும் வியாழனும் அவள் போகாத நாட்கள். அன்று ரூபேந்திரன் வேலை முடிந்து நேராகப் போவான். போய்ப் பார்த்துவிட்டு ஒரு படம் அனுப்புவான். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, நெஞ்சு ஏறி இறங்குவது தெரியுமா என்று பார்ப்பாள். படத்தில் எப்படித் தெரியும்.

நாற்பத்தேழாம் நாள் அது நடந்தது.

உணவுத் தொழிற்சாலை என்பதால் வேலை நேரத்தில் கைப்பேசி உள்ளே கூடாது. பெட்டகத்தில் பூட்டி வைத்துவிட வேண்டும். அன்று பழம் லோடு லோடாக வந்திறங்கியது. பத்தரைக்குப் பால் பிழியப் போக முடியவில்லை, மார்பு கனத்து வலிக்க ஒரு மணி வரை நின்றே வேலை பார்த்தாள். சாப்பாட்டு நேரத்தில் பெட்டகத்தைத் திறந்தால் பதினோரு அழைப்புகள் தவறியிருந்தன. ஏழு மருத்துவமனையிலிருந்து. நான்கு ரூபேந்திரனிடமிருந்து. முதல் அழைப்பு காலை பத்து ஐம்பது.

மருத்துவமனையைக் கூப்பிட்டாள். குழந்தையின் குடலில் கிருமி, வயிறு வீங்கிவிட்டது, வயிற்றில் துளையிட்டுக் குழாய் வைக்க வேண்டியிருக்கும், பெற்றவர்கள் கையெழுத்து வேண்டும் என்றார்கள். ரூபேந்திரன் சிங்கப்பூரிலிருந்து கிளம்பிப் பாலத்தில் மாட்டிக்கொண்டிருந்தான். கார் சாவியை எடுத்துக்கொண்டு அவள் வெளியே ஓடினாள். பின்னாலேயே ஓடி வந்த ஜெயபாலன் சாவியை வாங்கிக்கொண்டார்.

போகும் வழியெல்லாம் அவள் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தாள். "ரெண்டு மணி நேரம் அண்ணே. ரெண்டு மணி நேரமா கூப்பிட்டிருக்காங்க. நான் டின்னு வெட்டிக்கிட்டிருந்தேன்."

"நீ டாக்டரா யோகேஸ்? அங்க நின்னிருந்தா நீயா குழா வைக்கப்போற?"

"கையெழுத்துப் போட்டிருப்பேனே."

அவர் சாலையைப் பார்த்து ஓட்டினார்.

இரண்டேகாலுக்குக் கையெழுத்துப் போட்டாள். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று டாக்டர் விளக்கியது எதுவும் காதில் ஏறவில்லை. குழந்தையின் வயிறு கருநீலமாகப் பளபளத்தது. பிறகு ரூபேந்திரன் வந்தான், நடையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். நீ அங்கே இல்லையே என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் உடைந்துபோயிருப்பாள். அவன் அவளுக்கு ஒரு ரொட்டியைப் பிரித்துக் கொடுத்தான். இருவரும் சாப்பிடாமல் அதைக் கையில் வைத்திருந்தார்கள்.

குழந்தை அந்த நாளைத் தாண்டியது. அடுத்த நாளையும். நான்காம் நாள் வீக்கம் வற்றத் தொடங்கியது. பிறப்பைப் பதிந்துகொள்ள இன்னும் எட்டே நாள்தான் இருக்கிறது என்று தாதி ஞாபகப்படுத்தினாள். பயத்தில் அதுவரை பெயரே வைக்காமல் இருந்தார்கள். ரூபேந்திரன் போய்ப் பதிந்துவிட்டு வந்தான். சாருமதி. பெட்டியிலிருந்த சீட்டில் தாதி அதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினாள்.

யோகேஸ்வரிக்கு அப்போது வருட லீவில் நான்கு நாள் இருந்தது. அது முடிந்த அன்று ஜெயபாலன் கூப்பிட்டார். மேடத்திடம் பேசியதாகவும், வேண்டுமானால் இப்போதிருந்தே அந்த அறுபத்தெட்டு நாளை எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

"எடுத்தா இப்பவே ஓட ஆரம்பிச்சிடுமில்ல?"

"ஆமாம்மா."

பெட்டிக்குள் சாருமதி ஒரு காலை உதைத்தாள். காலில் இன்னும் ஊசி ஒட்டியிருந்தது.

"நாளைக்கு வரேன் அண்ணே. போன மட்டும் என் மேசையில வச்சுக்க விடச் சொல்லுங்க."

விட்டார்கள். பரிசோதனை அறை மேசையில், கண்ணாடி டப்பாவுக்குள், அந்தப் போன் ஜூன் வரை இருந்தது. அது அடிக்கும்போதெல்லாம் மலர்தான் முதலில் எழுந்து நிற்பாள்.

ஜூன் இருபத்து நான்கு, சாருமதி வீட்டுக்கு வந்தாள். இரண்டு கிலோ நானூறு. கண்ணுக்கு லேசர் சிகிச்சை நடந்திருந்தது. நுரையீரல் மட்டும் தேறவில்லை. மூக்கில் மெல்லிய குழாய், கன்னத்தின் இரண்டு பக்கமும் அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்திரி, கட்டிலுக்குக் கீழே இருபத்து நான்கு மணி நேரமும் உறுமிக்கொண்டிருக்கும் பிராணவாயு இயந்திரம். இரண்டு மாதத்தில் குழாயை எடுத்துவிடலாம் என்றார்கள்.

அந்த அறுபத்தெட்டு நாளை அவள் முழுசாக அனுபவித்தாள் என்று சொல்ல முடியாது. மழை வந்தால் மின்சாரம் போகுமோ என்று பயம். குழந்தை பால் குடிக்கும்போது உதடு நீலமாகிறதா என்று விளக்கைப் போட்டுப் பார்ப்பாள். ஆனாலும் அவள் வீட்டில் இருந்தாள். எந்த வாசலிலும் யாரும் மணி பார்த்து அவளை வெளியே போகச் சொல்லவில்லை. ஜூலையில் ஒருநாள் மதியம் சாருமதி முதன்முதலாக அவளைப் பார்த்துச் சிரித்தாள். குழாய் ஒரு பக்கம் இழுக்க, கோணலாக.

ஆகஸ்ட் முப்பதோடு அறுபத்தெட்டு நாள் முடிந்தது. குழாய் இன்னும் மூக்கில்தான் இருந்தது.

அவர்கள் குடியிருக்கும் தாமானிலேயே இருந்த குழந்தைக் காப்பகத்துக்குப் போய்க் கேட்டாள். அதை நடத்துபவர் ராசம்மா என்கிற அம்மா, பதினைந்து பிள்ளைகளை வைத்திருப்பவர். யோகேஸ்வரி காட்டிய படத்தைப் பார்த்தார். "மெஷினோட என்னால முடியாதும்மா. ஏதாச்சும் ஆனா நான் ஒங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்" என்றார். குளுவாங்கில் இரண்டு இடம், ரெங்கம் பட்டணத்தில் ஒன்று. எல்லாரும் அதையேதான் வேறு வேறு வார்த்தையில் சொன்னார்கள். ரூபேந்திரன் தான் வேலையை விடட்டுமா என்று கேட்டான். வீடு நடப்பது அவன் வருமானத்தில்தான். அந்தப் பேச்சு ஒரு சாப்பாட்டு நேரத்தைக்கூடத் தாண்டவில்லை.

மேடம் லிம் சம்பளமில்லா லீவு ஒரு மாதம் கொடுத்தார். செப்டம்பர் முடிந்தது. டாக்டர் இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்றார். அடுத்த மாதம் கேட்டபோது மேடம் நேரிலேயே வரச் சொன்னார். குழந்தையைக் கஸ்தூரியிடம் ஒரு மணி நேரம் விட்டுவிட்டுப் போனாள். மேடம் லிம் மலாயில்தான் பேசினார். நீ செய்ததைப் போல் என் மகளுக்கு என்னால் செய்திருக்க முடியாது என்றார். ஆனால் அந்த அறை இனியும் ஆளில்லாமல் இருக்க முடியாது என்றார். இரண்டையும் ஒரே குரலில் சொன்னார். யோகேஸ்வரி அங்கேயே தாள் வாங்கி, பதினான்கு வருட வேலையை நான்கு வரியில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அன்று அக்டோபர் ஒன்று.

வீட்டுக்கு வந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். கதவுக்கு வெளியே கஸ்தூரி குழந்தையோடு நின்றிருந்தாள்.

"எழுபத்து மூணு நாள் அக்கா" என்றாள் உள்ளேயிருந்து. "எழுபத்து மூணு நாள் அவளப் பெட்டியில விட்டுட்டு வேலைக்குப் போனேன். இந்த வேலைய விட்றதுக்கா?"

முன்பு அத்தனை பேசிய கஸ்தூரி கதவு திறக்கும் வரை அங்கேயே நின்றாள்.

அக்டோபர் இருபது, ஜொகூர் பாருவில் பரிசோதனை. டாக்டர் அம்மா இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி, சாருமதியின் காலில் பிராணவாயு அளவுக் கருவியை மாட்டி, ஒரு மணி நேரம் உட்காரவைத்தார். எண் தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு என்று நின்றது. தூங்கும்போதும் இறங்கவில்லை. போதும், எடுத்துவிடலாம் என்றார்.

வேலையை விட்டுப் பத்தொன்பது நாள்தான் ஆகியிருந்தது.

தாதி எண்ணெய் தொட்டுப் பிளாஸ்திரியை மெல்ல உரித்தாள். குழாய் வந்தது. கன்னங்களில் இரண்டு சிவந்த சதுரம். பிறந்து ஏழு மாதத்தில், மேலே ஒன்றும் ஒட்டாத மகளின் முகத்தை யோகேஸ்வரி அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். மூக்கு ரூபேந்திரனுடையது. மேலுதட்டில் ஒரு சின்னப் பள்ளம் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

"ஜெயபாலன் அண்ணனுக்குப் போன் பண்ணிப் பாரேன்" என்றான் ரூபேந்திரன்.

பண்ணினாள். "போன வாரம்தாம்மா மலர அந்த எடத்துல போட்டாங்க. வேற எதும் காலி வந்தா மொதல்ல உன்னத்தான் கூப்பிடுவேன்" என்றார். அன்று மாலையே மலர் கூப்பிட்டு, தான் பழைய வேலைக்கே போய்விடுவதாகச் சொல்லி அழுதாள். "லூசு மாதிரிப் பேசாத. மூடி மடிப்ப மட்டும் ரெண்டு தடவ பாரு, ரெண்டாவது மெஷின் எப்பவும் தகராறு" என்றாள் யோகேஸ்வரி. போனை வைத்த பிறகு அவளால் சாப்பிட முடியவில்லை.

அந்தத் தொழிற்சாலையிலிருந்து அதற்கப்புறம் அழைப்பு வரவில்லை. பத்து மாதம் வீட்டிலிருந்தாள். பிறகு ரெங்கம் பட்டணத்தில் ஒரு மருந்துக் கடையில் சேர்ந்தாள், காலை ஒன்பதிலிருந்து மூன்று வரை. அங்கே அவளுக்கு மேசை கிடையாது, நிற்க வேண்டும். ராசம்மா இப்போது சாருமதியைச் சேர்த்துக்கொண்டார்.

வேலைக்குப் போனது தப்பா, விட்டது தப்பா என்று அவளிடம் கேட்டால், "தெரியல" என்கிறாள். ஃபரீஹா எப்போதாவது கூப்பிடுகிறாள். அவளுக்கு இப்போது ஒரு பெண் குழந்தை. இருவரும் பிள்ளைகள் என்ன சாப்பிட்டார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள்.

சாருமதிக்கு இரண்டரை வயது. எடை குறைவு, பேச்சு கொஞ்சம் தாமதம், தலையைச் சுற்றி ரப்பர் வார் போட்டுக் கட்டிய தடித்த கண்ணாடி. கண்ணாடியைக் கழற்றி எங்கேயாவது ஒளித்து வைப்பதுதான் அவளுடைய பிரியமான விளையாட்டு. போன வாரம், இதையெல்லாம் கேட்டு எழுத நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, மருந்துக் கடைச் சட்டையை இன்னும் மாற்றாமல், யோகேஸ்வரி தரையில் படுத்து, சோபாவுக்கு அடியில் கையை நீட்டித் துழாவிக்கொண்டிருந்தாள். மகள் அவள் முதுகின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள்.